வளவுக்குள் ஒரு காடைத் தோட்டம்

திருக்குர்ஆனைப் பொருளுணர்ந்து ஓதுபவர்களுக்கு 'மன்னு', 'ஸல்வா' என்னும் இரு சொற்களும் புதியவை அல்ல. பாலைவனத்தில் அலைந்த இஸ்ராயீலின் மக்களுக்கு இறைவன் அருளிய உணவுகள் அவை. இவற்றுள் ஸல்வா என்பது காடை, அல்லது காடையை ஒத்த ஒரு பறவை என்று விரிவுரையாளர்கள் விளக்கம் தருகின்றனர். ஐரோப்பாவில் கோடையைக் கழித்த காடைகள் குளிர் தொடங்குமுன் மத்தியதரைக் கடலைக் கடந்து ஆப்பிரிக்காவுக்குச் செல்லும். கடலைக் கடந்த களைப்பில் எகிப்தின் வட கரையிலும் ஸினாயிலும் கூட்டங் கூட்டமாகத் தரையிறங்கும். அவற்றைப் பிடிக்க அந்தக் கரையில் வலை கட்டும் வழக்கம் இன்றும் உண்டு.

கடலைத் தாண்டும் குலத்தைச் சேர்ந்த அந்தப் பறவையை நாம் எப்படி வைத்து வளர்க்கிறோம்? பெரும்பாலும் ஓர் அடி உயரமுள்ள கம்பிக் கூட்டில்தான். காலடியில் மண் இல்லை. ஒதுங்க ஒரு புல் இல்லை. முட்டை கிடைக்கிறது, இறைச்சி கிடைக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் அந்தப் பறவை மண்ணைக் கிளறியதும் இல்லை. முட்டையை ஒளித்து வைத்ததும் இல்லை. சிறிது வளவும் கொஞ்சம் பொறுமையும் உள்ள சகோதரிகள் இதை வேறு விதமாகச் செய்யலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே உள்ள வட்டுக்கோட்டை போன்ற ஓர் ஊரை மனத்தில் வைத்து, அங்கு கிடைக்கும் பொருட்களைக் கொண்டே அதற்கான வழியைப் பார்ப்போம்.

எந்தக் காடை?

வயலில் கண்ணி வைத்துப் பிடித்த காடையை வாங்கவே கூடாது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் காட்டுப் பறவைகளைக் காக்கின்றன. சட்டம் ஒருபுறமிருக்க, காட்டுக் காடை கூட்டுக்குள் மிரண்டு மோதியே மடிந்துவிடும். நம் வயலோரங்களில் 'காடை' என்று நாம் சொல்லும் பறவைகளில் ஒன்று உண்மையில் காடை இனமே அல்ல. அதற்குப் பின்விரல் கிடையாது. அந்த இனத்தில் பெண்தான் பெரியது. அழைத்துக் கூவுவதும் பெண்ணே. முட்டையிட்டுவிட்டு அது போய்விடும். அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆணின் பொறுப்பு! இறைவனின் படைப்பில் இப்படியும் ஒரு குடும்பம்.

வீட்டில் வளர்க்க ஏற்றது ஜப்பானியக் காடை. முன்னர் அதன் குரலுக்காகவும், பின்னர் முட்டைக்காகவும் ஜப்பானியர் அதைப் பழக்கினர். 1974இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து வட இந்தியாவின் இசாத்நகருக்கு அது கொண்டு வரப்பட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 'நாமக்கல் காடை' என்ற வகையை உருவாக்கியது. 1990 மார்ச் மாதத்தில் 'மிர்' விண்வெளி நிலையத்தில் ஒரு காடைக் குஞ்சு பொரித்தது என்றால், இந்த முட்டையின் புகழைச் சொல்லவும் வேண்டுமா!

வளர்ந்த பறவை 150 முதல் 200 கிராம் வரை இருக்கும். மார்பில் கரும்புள்ளி உள்ளது பெண். செம்பழுப்பு மார்பு ஆணுக்கு. 6, 7 வாரங்களில் முட்டையிடத் தொடங்கும். ஒரு முட்டை 10 முதல் 12 கிராம். ஐந்து முட்டை ஒரு கோழி முட்டைக்குச் சமம்.

இடமும் வலையும்

12 அடி நீளம், 8 அடி அகலம் போதும். இந்த இடத்துக்கு ஓர் ஆணும் நான்கு பெண்களும் போதுமானவை. ஆசைப்பட்டு இருபது பறவைகளை விட்டால் சில வாரங்களில் செடி ஒன்றும் மிஞ்சாது. இரண்டு ஆண்களைச் சேர்த்து விட்டால் தலையைக் கொத்திப் புண்ணாக்கிவிடும்.

உயரம் ஆறரை அடிக்குக் குறையக் கூடாது. காடை மிரண்டால் ஓடுவதில்லை. நேரே மேலெழும்பிப் பாயும். நடுத்தர உயரமுள்ள கூட்டில் அது தலையை மோதிச் சாவது இதனால்தான். ஆகவே மேற்பக்கம் கம்பிக்குக் கீழே ஒரு நூல் வலையை இழுத்துக் கட்ட வேண்டும். பழைய மீன்வலையும் உதவும். ஆனால் தொய்வாக விட்டால் காலும் கழுத்தும் சிக்கும்.

பக்கங்களுக்கு அரை அங்குலக் கண்ணுக்கு மேற்படாத கம்பி வலை வேண்டும். கீரி, பூனை, எலி, சாரைப்பாம்பு, காகம் எல்லாம் நம் வளவில் உண்டு. வலையை மண்ணுக்குள் ஓர் அடி இறக்குவது நல்லது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். தோண்டும்போது கல் தட்டினால், வலையை வெளிப்பக்கமாக இரண்டடி மடித்துத் தரையில் விரித்து மேலே கல் அடுக்கிவிடுங்கள். தோண்டி நுழைய வரும் விலங்கு சுவரின் அடியில்தான் கிளறும். அங்கே வலை தடுக்கும். அடிப்பகுதியைச் சுற்றி இரண்டடி உயரத்துக்குத் தகரமோ பனையோலையோ கட்டினால், வெளியே நாய் நடமாடுவதைக் கண்டு பறவை மிரளாது.

கூரையில் மூன்றில் ஒரு பகுதியைக் கிடுகால் வேய்ந்து, மற்றதை வெயிலும் மழையும் படத் திறந்த வலையாக விடலாம். ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து வருவதால், அந்தப் பக்கம் அடைப்பாக இருக்கட்டும். 2008 நவம்பரில் 'நிஷா' புயல் யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். தரையை அரை அடி உயர்த்தி மணல் கொட்டிக் கொள்வது அவசியம். தென்மேற்குப் பக்கம் சோளகக் காற்றைத் தடுக்க நல்ல வேலி வேண்டும்.

நடவேண்டியவை, நடக்கூடாதவை

ஒக்டோபர் மழையோடு செடிகளை நட்டு, ஜனவரியில் பறவைகளை விடுவது சிறந்த முறை. வேர் பிடிக்காத செடியைக் காடை தின்றே தீர்த்துவிடும்.

முதலிடம் எலுமிச்சைப்புல்லுக்கும் வெட்டிவேருக்கும். இவை குடை போல் கவிந்து அடியில் ஒரு குகையை உண்டாக்கும். பறவை ஒளிவதும் முட்டையிடுவதும் அங்கேதான். மூன்று மூன்று தூறாக, ஒரு மறைவிலிருந்து அடுத்த மறைவுக்கு இரண்டு மூன்று எட்டில் போகும்படி நட வேண்டும். வெட்டவெளியைக் கடக்கக் காடை அஞ்சும். வீட்டுக் காடைகளை இயற்கையை ஒத்த பெரிய கூடங்களில் விட்டுக் கவனித்த சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1997இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பல தலைமுறை கூட்டில் கழிந்த பின்னும் பறவையின் இயல்பு அழியவில்லை என்பதே அவர்கள் கண்டது.

வெயில் படும் இடத்தில் அறுகம்புல். நிழலுக்குச் செவ்வரத்தையும் கறிவேப்பிலையும். தண்ணீர்ச் சட்டியின் ஓரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும். ஒரு மூலையில் குரக்கனும் சாமையும் தூவி, கதிர் முற்றும் வரை வலையால் மூடி வைத்துப் பிறகு திறந்து விடுங்கள். செடிகளின் அடியில் நாலைந்து கல் வைத்தால் வேரைக் கிளறாது.

அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி, உண்ணிச்செடி ஆகியவை உள்ளே வேண்டாம். வேலிக் கதியாலாக நிற்கும் கிளிசரிடியாவும் வெளியிலேயே நிற்கட்டும். அந்தப் பெயருக்கே இலத்தீனில் 'எலிக்கொல்லி' என்றுதான் பொருள்.

தளபாடங்கள்

காசு செலவில்லாத தளபாடங்கள் இவை. பழைய கடகத்தைக் கவிழ்த்து ஒரு வாசல் வெட்டினால் முட்டைக்கூடு. பிளந்த பனங்குற்றியும், கல்லின் மேல் சாய்த்த ஓடும் ஒளிவிடங்கள். கிடுகுக் கூரையின் கீழ் அகன்ற சட்டியில் காய்ந்த மணலும் சிறிது விறகுச் சாம்பலும் கலந்து வையுங்கள். காடை அதில் புரண்டுதான் குளிக்கும். பேன் உண்ணி அண்டாது. தரையில் சருகு பரப்பினால் நாள் முழுதும் பூச்சி தேடும். தண்ணீர்ச் சட்டி ஆழமற்றதாக, கூழாங்கல் போட்டதாக இருக்கட்டும். குஞ்சுகள் ஓர் அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிவிடும்.

ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் தீன் வேண்டும்; அதில் புரதம் 20 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. பொடித்த சிப்பி ஓட்டைத் தனியே வையுங்கள். கறையான் கிடைத்தால் அதற்கு விருந்து. கறி, ஊறுகாய் கலந்த மிச்சச் சோறு வேண்டாம்.

முட்டை, அடைகாத்தல்

காடை பெரும்பாலும் பிற்பகலில்தான் முட்டையிடும். மஃரிபுக்கு முன் ஒரு முறை புல்லடிகளைப் பார்த்துவிட்டால் போதும். பண்ணைகளில் 14 மணி நேரத்துக்கு மேல் விளக்கு எரித்து ஆண்டுக்கு 250க்கும் மேற்பட்ட முட்டை பெறுகிறார்கள். குடாநாட்டில் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே. விளக்கில்லாத தோட்டத்தில் முட்டை குறையும். இலாபம் ஒன்றே குறியாக உள்ளவர்களுக்கு இந்த முறை ஏற்றதல்ல என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

ஆனால் கணக்கில் வராத ஒரு பலன் உண்டு. கருவியில் குஞ்சு பொரித்தே பல தலைமுறை கழிந்ததால், கூட்டுக் காடை அடைகாப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டது. மறைவும் அமைதியும் கிடைத்தால் சில பெண் பறவைகள் மீண்டும் அமர்கின்றன. எல்லாம் அமரும் என்று உறுதி சொல்ல முடியாது. ஒரே புல்லடியில் முட்டைகள் சேர்ந்து, தாய் எழாமல் இருந்தால் எடுக்காதீர்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். 17, 18 நாட்களில் எட்டு கிராம் எடையுள்ள குஞ்சுகள் தாயின் பின்னே ஓடும். எறும்பு அண்டாமல் பார்த்துக் கொள்வது உங்கள் கடமை.

சுத்தம்

மண் தரையில் புழுவும் கழிச்சல் நோயும் பெருகும். சருகை மாதம் ஒரு முறை மாற்றுங்கள். பழைய சருகு முருங்கைக்கு நல்ல பசளை. கோழிகளோடு சேர்க்காதீர்கள். கூரையில் காகம் எச்சமிடும் பக்கத்துக்குக் கீழே தீன் வைக்காதீர்கள். காரணமின்றிப் பல பறவைகள் ஒன்றாக இறந்தால் தொடாமல் கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். உள்ளே போய் வந்த பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கை கழுவட்டும். பெருகிய பறவைகளை வயலில் திறந்து விடவும் வேண்டாம்; அவை அங்கு பிழைக்காது, பிழைத்தால் காட்டினத்துக்குக் கேடு.

ஒரு பூனையைக் கட்டிப் போட்டு, உணவும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் வைத்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். உணவு கொடுப்பது பற்றியே அதில் பெரிதும் பேசுவோம்; தேடித் தின்ன விடுவது பற்றியும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. முட்டைக்காகவோ இறைச்சிக்காகவோ நாம் வளர்க்கும் உயிர், நம் கையில் இருக்கும் நாள் வரை மண்ணைக் கிளறி ஒரு புழுவைத் தானே தேடட்டும். அதற்கு 12 அடி வளவும் நாலு தூறு புல்லும் போதும்.