காற்றைச் சொல்லும் கொடி

குட்டீஸ்! மயிலம் மலைக்கோயிலுக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். சில நாள், அடிவாரத்தில் இல்லாத காற்று, மேலே ஏறியதும் சட்டையைப் பிடித்து இழுக்கும். தூரத்துப் பனைமரங்களோ அசையாமல் நிற்கும். ஒரே நேரத்தில், இடத்துக்கு இடம் வேறு காற்று!

துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. நெடுந்தூரம் சுடுவதற்கு இப்போது செல்போன் செயலிகள் வந்துவிட்டன. தூரம், தோட்டாவின் வேகம், காற்றின் வேகம் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். எவ்வளவு உயர்த்தி, எந்தப் பக்கம் தள்ளிக் குறிவைக்க வேண்டும் என்று நொடியில் கணக்குப் போட்டுவிடும். தோட்டா எவ்வளவு கீழே இறங்கும் என்பதில் செயலி கெட்டி. (50 மீட்டர் போகும் சின்னத் தோட்டாகூட சுமார் 12 செ.மீ. இறங்கிவிடும்!) ஆனால், காற்று? நீங்கள் சொன்னதைத்தான் அது நம்பும். பாதி வழியில் காற்று திரும்பினால் அதற்கு எப்படித் தெரியும்?

50 மீட்டர் ரைபிள் போட்டியில், 10 புள்ளி தரும் நடு வட்டத்தின் அகலம் 10.4 மி.மீ.தான். சட்டைப் பொத்தான் அளவு! அங்கே வீரர்கள் செல்போனைப் பயன்படுத்தவும் கூடாது. பதிலுக்கு, 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் சின்னத் துணிக்கொடிகள் இருக்கும். அவை எந்தப் பக்கம் படபடக்கின்றன என்று பார்த்துத்தான் விசையை அழுத்துவார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது 50 மீட்டரில்தான். நம்ம கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவது 10 மீட்டர். அது அரங்குக்குள் நடப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

கொடி ஓயும்வரை காத்திருந்து சுடலாமே என்கிறீர்களா? சுடலாம். ஆனால், போட்டிக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்குமே!