டோட்டல் லாஸ் ஆன காரை டிராக்குக்கு வாங்கலாமா?

ஆக்சிடென்ட் ஆன வண்டி பக்கமே போகாதே என்பது எல்லா ஊரிலும் சொல்லும் புத்திமதி. குடும்பத்தோடு போய்வர வாங்கும் காருக்கு அது சரி. ஆனால் பிரிட்டனில் ஸ்நெட்டர்டன், பிராண்ட்ஸ் ஹேட்ச் போன்ற பந்தயத் தடங்களில் கட்டணம் கட்டி, போட்டி கிடையாது, நேரக் கணக்கு கிடையாது என்ற விதிக்குள் தங்கள் சொந்தக் காரை விரட்டிப் பார்க்கிறவர்கள் ஏராளம். ‘டிராக் டே’ என்கிறார்கள். இதற்கென்றே பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தேடுகிறவரிடம் அதே புத்திமதியைச் சொன்னால் அது அவருக்குப் பாதகமாகக்கூட முடியலாம். அடிபட்டதாகப் பதிவான கார், எந்தப் பதிவுமே இல்லாத காரைவிட நம்பத் தகுந்ததாக இருக்க வாய்ப்பு உண்டு. கேட்க ஏறுமாறாக இருக்கும் இந்த வாதத்துக்கு ஆதாரம் இன்சூரன்ஸ் நடைமுறையிலேயே கிடக்கிறது.

இன்சூரன்ஸ் நிறுவனம் ஒரு காரை டோட்டல் லாஸ் என்று கைகழுவுவதற்கு, அதைச் சரிசெய்யவே முடியாது என்பது மட்டும் காரணமில்லை. பெரும்பாலும் அது வெறும் கணக்கு. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய காரில் ஏர்பேக்குகள் வெடித்து, ஹெட்லைட்டும் பம்பரும் போயிருந்தாலே போதும். புது உதிரிபாகமும் கூலியும் சேர்ந்து சந்தை மதிப்பை நெருங்கிவிடும். 2017 அக்டோபரிலிருந்து பிரிட்டனில் இத்தகைய கார்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். ஏ, பி இரண்டும் திரும்பச் சாலைக்கு வரக் கூடாதவை. எஸ் என்றால் சட்டகத்தில் அடி, ஆனால் சரிசெய்யலாம். என் என்றால் சட்டகத்தில் அடி இல்லை. இந்த ‘என்’னைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு, அவசரம் கூடாது. சட்டகம் தப்பித்தது என்பதுதான் அதற்கு அர்த்தம். ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பிரேக் ஆகியவற்றில் சேதம் இருந்தாலும் கார் ‘என்’ வகையில் வரலாம். டிராக்கில் முதலில் வேண்டியவை அவைதான்.

லோட்டஸ் எலீஸை எடுத்துக்கொள்வோம். நார்ஃபோக் மாவட்டத்தில் ஹெத்தல் என்னும் இடத்தில் 1996 முதல் 2021 வரை தயாரான இந்தக் கார் டிராக் பிரியர்களின் செல்லப்பிள்ளை. முதல் வரிசைக் கார்களின் எடை முக்கால் டன்னுக்கும் குறைவு. அதன் அடித்தளம் அலுமினியச் சட்டங்களை எபாக்ஸி பசையால் ஒட்டிச் செய்த தொட்டி போன்ற ஒன்று. எடை 68 கிலோதான். அதன் மேல் போர்த்தியிருக்கும் உடலின் முன்பகுதி முழுவதும் ஒரே ஃபைபர் கிளாஸ் வார்ப்பு, பின்பகுதியும் அப்படியே. விளைவைப் பாருங்கள்: பார்க்கிங்கில் ஒரு கம்பத்தில் இடித்து முன்பக்க வார்ப்பு பிளந்தால், அதை முழுசாக மாற்றிப் பெயிண்ட் அடிக்கும் செலவே ஒரு பழைய எலீஸை டோட்டல் லாஸ் ஆக்கிவிடும். அடித்தளத்தில் ஒரு கீறல்கூட இருக்காது. இதற்கு நேர்மாறாக, வார்ப்பில் சின்ன விரிசலோடு தப்பிய கார் ஒன்றில், சஸ்பென்ஷன் பூட்டும் இடத்தில் அலுமினியம் லேசாக மடங்கியிருக்கலாம். அடித்தளம் வளைந்தால் தட்டி நிமிர்த்தாதே, முழுசாக மாற்று என்பதே லோட்டஸின் நிலை. சூடு காட்டி நிமிர்த்தினால் பசை பிடிப்பை இழக்கும். ஆக முதல் கார் பயப்படத் தேவையில்லாதது, இரண்டாவது கிட்டே போகக் கூடாதது. இன்சூரன்ஸ் முத்திரை விழுவதோ பெரும்பாலும் முதல் காருக்கு.

இரண்டாவது கார் எங்கே போகிறது? இங்கேதான் டிராக் கார்களுக்கே உரிய சிக்கல். சாதாரண வாகன பாலிசிகள் பெரும்பாலும் டிராக் டேயில் நேரும் விபத்துக்குப் பணம் தருவதில்லை. அதற்குத் தனி பாலிசி வேண்டும், எடுக்காதவர்கள் பலர். தடுப்புச் சுவரில் மோதிய உரிமையாளர் கிளெய்ம் போட வழியில்லாமல், கைக்காசில் பட்டி டிங்கரிங் பார்த்து விற்றுவிடுகிறார். கிளெய்ம் இல்லையென்றால் காப்பீட்டாளர்களின் பதிவேட்டில் எதுவும் ஏறாது. வாங்குகிறவர் காசு கொடுத்து வரலாற்றைத் தேடிப் பார்த்தாலும் திரையில் சுத்தமான கார்தான் தெரியும். முத்திரை விழுந்த காருக்கோ பெரும்பாலும் சேத வண்டி ஏலத்தில் எடுத்த படங்கள் இருக்கும்: எந்த மூலையில் அடி, சக்கரம் எந்தப் பக்கம் திரும்பி நின்றது, ஏர்பேக் வெடித்ததா என்று எல்லாம் தெரியும். குறைந்த விலைக்கு நோய் தெரிந்த வண்டி கிடைக்கிறது. கூடுதல் விலைக்கு நோய் தெரியாத வண்டி.

பழுதுபார்த்தவர் ஒழுங்காகச் செய்தாரா என்பது எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, இந்த வாதத்தின் பலவீனமான இடமும் இதுவே. எஸ் வகைக் காரைத் திரும்பச் சாலையில் இறக்க பிரிட்டனில் தனிச் சோதனை ஏதும் கட்டாயமில்லை. வருடாந்தர எம்.ஓ.டி. சோதனையில் துருவும் பிரேக்கும் பார்ப்பார்கள், சட்டகம் சில மில்லிமீட்டர் விலகியிருப்பதை அளக்க மாட்டார்கள். அளப்பது வாங்குகிறவர் பொறுப்பு. நான்கு சக்கர அலைன்மென்ட் பார்த்து, அச்சிட்ட தாளைக் கையில் வாங்க வேண்டும். அதில் எல்லா எண்ணும் பச்சையாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு பக்கத்துச் சரிசெய்யும் போல்ட் நடுவிலும் மறுபக்கத்துப் போல்ட் கடைசி முனைவரை திருகியும் இருந்தால், வளைந்த எதையோ இழுத்துப் பிடித்து எண்ணை வரவழைத்திருக்கிறார்கள். முன் பின் சக்கரங்களின் இடைவெளியை இரு பக்கமும் டேப் பிடித்து ஒப்பிடலாம். சாலையில் இந்த வித்தியாசம் டயர் ஒருபக்கம் தேய்வதோடு போய்விடும். டிராக்கில் வேகமான வளைவில் கார் இடப்பக்கம் ஒருவிதமாகவும் வலப்பக்கம் வேறுவிதமாகவும் திரும்பும். ஓட்டுகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

ஏர்பேக் விஷயத்தில் ஏமாற்று அதிகம். வெடித்ததை மாற்றாமல், மின்தடை ஒன்றைச் செருகி டேஷ்போர்டு விளக்கை அணைய வைப்பது பழைய தந்திரம். சாவியைத் திருப்பும்போது அந்த விளக்கு ஒருமுறை எரிந்து அணைவது மட்டும் ஆறுதல் தராது. மாற்றியதற்கான பில் வேண்டும். வெள்ளத்தில் மூழ்கியது, தலைகீழாக உருண்டு கூரை நசுங்கியது, உயர்வலிமை எஃகைச் சூடாக்கி நிமிர்த்தியது, இவற்றுக்கு எந்தத் தள்ளுபடியும் ஈடாகாது.

மறுவிற்பனையில் அடி வாங்குமே என்பது கடைசி ஆட்சேபம். வாங்குமே, வாங்கும்போதும் அதே தள்ளுபடி கிடைத்ததே. அதோடு, டிராக்கில் ஓடும் கார் எப்படியும் பழைய மதிப்போடு கைமாறப் போவதில்லை. இருக்கையைக் கழற்றி இரும்புக் கூண்டு மாட்டிய காரை முத்திரை இல்லாவிட்டாலும் வாங்க ஆள் கொஞ்சம்தான். இப்படிப்பட்ட கார்களில் பல, ஒருநாள் பிரித்து விற்கப்படுகின்றன. அப்போது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சக்கரங்களையும் கேட்டு வருகிறவர், அவை எஸ் வகைக் காரிலிருந்து கழன்றவையா என்று கேட்பது அபூர்வம்.