உலங்கு வானூர்தி இறங்குதளம்

ஓடுபாதையின்றியே எழவும் இறங்கவும் வல்லது உலங்கு வானூர்தி. இதனை ஹெலிகாப்டர் என்றும் வழங்குவர். எனினும், பெரிய ஊர்திக்கு ஏற்ற தளம் இல்லையேல் உதவி உரிய இடத்தை அடையாது. 2013 ஜூன் திங்களில் கேதார்நாத்தைப் பெருவெள்ளம் சிதைத்தது. மலைப்பாதை அழிந்தமையால், சீரமைப்புக்குரிய கனரக இயந்திரங்களைத் தரைவழியே கொண்டு செல்ல இயலவில்லை. அங்கு அகன்ற தளம் அமைத்த பின்னரே, 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்திய விமானப்படையின் எம்.ஐ.-26 ஊர்தி அவற்றைச் சுமந்து இறங்கியது.

எம்.ஐ.-26 ஊர்தியின் நீளம், சுழலும் இறக்கைகளையும் சேர்த்து, ஏறத்தாழ 40 மீட்டர். உச்ச எடை 56 டன். இந்நீளமே தளத்திற்கு அளவுகோல் ஆகும். பன்னாட்டு நெறிகளின்படி, இறங்கும் பரப்பு நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 60 மீட்டர், இருத்தல் வேண்டும். அதனைச் சுற்றி நீளத்தில் கால்பங்கான 10 மீட்டர் அளவுக்குத் தடையற்ற பாதுகாப்புப் பரப்பும் தேவை. ஆகவே 80 மீட்டர் பக்கமுடைய சதுர நிலம் வேண்டும்.

இத்தகைய தளத்தைக் கோலார் தங்கவயலில் அமைப்பதாகக் கொள்வோம். முதலில் ஆராய வேண்டியது நிலத்தின் உறுதி. 2001இல் மூடப்பட்ட இச்சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையவை. பழைய குழிகளும் சுரங்க வழிகளும் உள்ள நிலம் 56 டன் எடையைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் சோதித்தறிதல் வேண்டும்.

அடுத்தது காற்று. ஊர்தி தன் எடையைத் தாங்கும் பொருட்டுக் காற்றைக் கீழ்நோக்கி விசையுடன் தள்ளுகிறது. தங்கம் பிரித்தபின் எஞ்சிய நுண்மணல், இங்குச் சயனைடு மேடுகளாகக் குவிந்துள்ளது. அவற்றின் அருகே தளம் அமைத்தால், நச்சுத்தூள் பறந்து குடியிருப்புகளில் படியும். ஆதலால் மேடுகளுக்குத் தொலைவிலேயே இடம் தேர்தல் வேண்டும். தளத்திற்குக் கற்காரை இட்டு, சுற்றிலும் புல் வளர்த்தல் நன்று.

மூன்றாவது வான்வழி. ஊர்தி வந்து செல்லும் திசைகளில் சுரங்கக் கோபுரமோ மின்கம்பியோ குறுக்கிடலாகாது. இறுதியாக, தளத்தின் நடுவே ‘எச்’ என்னும் ஆங்கில எழுத்தை வெண்ணிறத்தில் தீட்டி, தளம் தாங்கும் எடையையும் எழுதுவர். காற்றின் திசை காட்டும் துணிக்குழலை அருகில் நாட்டுவர்.

விமானிக்குத் தெரிவது அந்த எழுத்தும் எண்ணும் மட்டுமே. அவற்றை நம்பியே அவர் இறங்குகிறார். அந்நம்பிக்கையைக் காப்பது திட்டமிடுவோரின் கடமை.

அருஞ்சொற்பொருள்
கற்காரை – கான்கிரீட்
வல்லது – ஆற்றல் உடையது

வினாக்கள்
1. 30 மீட்டர் நீளமுள்ள ஊர்திக்கு எத்தனை மீட்டர் பக்கமுடைய சதுர நிலம் தேவை?
2. சயனைடு மேட்டின் அருகே தளம் அமைத்தலாகாது. ஏன்?
3. பிரித்து எழுதுக: பெருவெள்ளம், நச்சுத்தூள்.