மொட்டை மாடி ஒழுகுகிறதா? மேலே பூசினால் போதுமா, தளத்தையே மாற்ற வேண்டுமா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோ வந்துவிடும். ஹால் மூலையில் ஈரம் படர்ந்த சீலிங், கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. "பாரும்மா, போன வருஷம்தானே பூசினோம், மறுபடியும் சொட்ட ஆரம்பிச்சிடுச்சு" என்று அம்மாவின் குரல். வெளியூரில் ஆபீஸில் உட்கார்ந்து அதைப் பார்க்கும் மகளுக்கு, அன்று மாலைக்குள் மூன்று யோசனைகள் வந்து சேரும்.

மேஸ்திரி, "மேல ஒரு கோட்டிங் அடிச்சா சரியாயிடும்" என்பார். சித்தப்பா, "பழைய தட்டோட்டு மேலேயே புது டைல்ஸ் ஒட்டிடலாம்" என்பார். பக்கத்து வீட்டுக்காரர், "முப்பத்தஞ்சு வருஷ வீடு, இடிச்சிட்டுப் புதுசா கட்டிடுங்க" என்பார்.

வீட்டைப் பொறுத்து இதில் எதுவும் சரியாக இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக்கு எது சரி என்று மாடியில் நின்று பார்த்து முடிவு செய்ய முடியாது. அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

மாடி என்பது இரண்டு அடுக்கு

நாம் நடக்கிற, வடாம் காயப்போடுகிற தரை ஒன்று. அதைத் தாங்கும் கான்கிரீட் தளம், அதாவது ஸ்லாப், இன்னொன்று.

மேலே இருப்பதை வெதரிங் கோர்ஸ் என்பார்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, வாட்டம் கொடுத்துத் தட்டி, அதன் மேல் தட்டோடு பதிப்பது தமிழ்நாட்டு வழக்கம். வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு தளத்தைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. காலப்போக்கில் தேய்வது இயல்பு. ஓட்டின் இணைப்பில் விரிசல் விழும், வாட்டம் குலையும். அதைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடலாம்.

கீழே இருக்கும் ஸ்லாப் அப்படி இல்லை. கான்கிரீட்டும் இரும்புக் கம்பியும் சேர்ந்து வீட்டின் கூரையைத் தாங்குகின்றன. எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்தக் கோட்டிங் நல்லது?" என்பதல்ல. "உள்ளே கம்பி எப்படி இருக்கிறது?" என்பதே.

கம்பி ஏன் துருப்பிடிக்கிறது?

நல்ல கான்கிரீட் காரத்தன்மை கொண்டது. அதன் பிஹெச் 12-13 அளவில் இருக்கும்வரை, கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதுகாப்புப் படலம் இருக்கும். காற்றில் உள்ள கரியமில வாயு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்க, காரத்தன்மை குறைகிறது. பிஹெச் 9-க்குக் கீழே போனதும் அந்தப் படலம் அழிகிறது. பிறகு ஈரமும் காற்றும் இருந்தால் போதும், துரு தொடங்கிவிடும்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு எதிரி உப்பு. கடல் காற்று, கட்டும்போது கலந்த உப்புத் தண்ணீர், கழுவாத மணல் என எந்த வழியில் வந்தாலும் அதிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும்.

பழைய வீடுகளுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. 1978-ம் ஆண்டின் ஐஎஸ் 456 விதிப்படி, ஸ்லாப்பில் கம்பியை மூடியிருக்க வேண்டிய கான்கிரீட் குறைந்தது 15 மி.மீ. 2000-ல் வந்த திருத்தப் பதிப்பு, சாதாரணச் சூழலுக்கே 20 மி.மீ., கடற்கரைச் சூழலுக்கு நேரடியாக ஆட்படும் கான்கிரீட்டுக்கு 45 மி.மீ. என்று உயர்த்தியது. 80-களிலும் 90-களிலும் கட்டிய பல வீடுகளில் கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே இருப்பது மெல்லிய போர்வைதான்.

துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளே இடம் இல்லாததால் கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும். முதலில் விரிசல், பிறகு உப்பல், ஒருநாள் ராத்திரி கட்டில் மேல் ஒரு பாளம் விழும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

கறையின் நிறம்: வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். பழுப்பு நிறத்தில் துருக்கறை தெரிந்தால், பாதிப்பு கம்பிவரை போய்விட்டது.

விரிசலின் போக்கு: சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் பெரும்பாலும் பூச்சில் மட்டும் இருப்பவை. நேர்கோடாக, சீரான இடைவெளியில் வரிசையாக ஓடினால், அது கம்பி போகும் பாதை.

சத்தம்: நீளக் கம்பின் முனையால் சீலிங்கை லேசாகத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்டால் பூச்சோ கான்கிரீட்டோ பிரிந்து நிற்கிறது. நேர் கீழே நிற்காமல், தள்ளி நின்று தட்டுங்கள். ஏற்கெனவே உப்பித் தொங்கும் இடத்தைத் தொடவே வேண்டாம்.

தொய்வு: சீலிங்கின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் ஸ்லாப் நூலைக் கீழே தள்ளுகிறதா? விதிப்படி, அகலத்தில் 250-ல் ஒரு பங்குக்கு மேல் தொய்வு கூடாது. 12 அடி அறைக்கு அது சுமார் 15 மி.மீ. பூச்சின் மேடு பள்ளமும் இதில் சேரும் என்பதால் இது முடிவான சோதனை அல்ல. ஆனால் தொய்வு கண்ணுக்கே தெரிந்தால் தாமதிக்கக் கூடாது.

இன்னொரு விஷயம்: ஒழுகல் எல்லாம் மாடியிலிருந்து வருவதல்ல. சித்திரை வெயிலிலும் ஈரம் காயவில்லை என்றால், மேல்மாடி பாத்ரூம் குழாயையும் தண்ணீர்த் தொட்டியையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

சோதனை என்ன சொல்லும்?

துருக்கறையோ வரிசை விரிசலோ தெரிந்தால், அடுத்து அழைக்க வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். கோட்டிங் விற்கும் நிறுவனத்தின் 'இலவச ஆய்வு' இதற்கு மாற்றாகாது.

அவர் சில இடங்களில் கான்கிரீட்டை லேசாக உடைத்து, பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார். இளஞ்சிவப்பாக மாறினால் காரத்தன்மை இருக்கிறது. நிறமே மாறாத பகுதி கம்பிவரை போயிருந்தால், பாதுகாப்பு போய்விட்டது. ரீபவுண்ட் ஹாமர் கான்கிரீட்டின் வலிமையைத் தோராயமாகச் சொல்லும். ஹாஃப் செல் சோதனை எங்கெங்கே துருப்பிடிக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டும். கடலோர வீடு என்றால் குளோரைடு அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கம்பியை வெளியே எடுத்து அதன் தடிமனை அளப்பது. 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால், "ஒரு மில்லிமீட்டர்தானே" என்று தோன்றும். ஆனால் சுமையைத் தாங்கும் குறுக்குப் பரப்பில் கிட்டத்தட்ட 23 சதவீதம் காணாமல் போயிருக்கும். அந்த அளவில் பழைய கம்பியை மட்டும் நம்ப முடியாது, பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டிவரும்.

எப்போது மேல் வேலை போதும்?

கீழே துருக்கறை இல்லை, தட்டினால் கெட்டியான சத்தம், ஈரமும் வெள்ளைப் பூப்பும் மட்டும் இருக்கிறது என்றால், மேல் அடுக்கைச் சரிசெய்தால் போதும். தட்டோடு பெரும்பாலும் நன்றாக இருந்து, இணைப்புகள் மட்டும் விட்டிருந்தால், இணைப்பை அடைத்துக் கோட்டிங் கொடுக்கலாம். இது சில வருடங்களுக்கான தீர்வு என்று தெரிந்தே செய்ய வேண்டும்.

ஓடுகள் பெயர்ந்து, தண்ணீர் தேங்கி நின்றால், பழையதை ஸ்லாப் வரை பெயர்த்தெடுத்துவிட்டு, நீர்த்தடுப்பு அடுக்கு, வாட்டம், தட்டோடு என்று முறையாகப் போடுவதே நல்லது. வாட்டம் 10 அடிக்கு ஒன்று முதல் ஒன்றரை இன்ச் வரை இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையும், மழைநீர்க் குழாயின் வாயும்தான் அதிகம் ஒழுகும் இடங்கள். அங்கே கஞ்சத்தனம் கூடாது.

சித்தப்பா சொன்ன 'பழையது மேலேயே புதுசு' யோசனைக்கு ஒரு கணக்கு: 1,000 சதுர அடி மாடியில் இரண்டு இன்ச் கனத்துக்குக் கலவையும் டைல்ஸும் ஏற்றினால், கூடும் எடை சுமார் 10 டன். ஏற்கெனவே கம்பி தேய்ந்த ஸ்லாப் என்றால், அந்த எடை படுத்திருப்பவர்களின் தலைக்கு மேல் ஏறுகிறது. அதோடு கீழே நடப்பதை மேலே பளபளப்பான டைல்ஸ் மறைத்தும்விடும்.

எப்போது ஸ்லாப்பில் கை வைக்க வேண்டும்?

சில இடங்களில் மட்டும் கான்கிரீட் உதிர்ந்திருந்தால், அந்தப் பகுதியை உடைத்து, கம்பியின் பின்பக்கம் வரை துருவை நீக்கி, தேவையான இடத்தில் புதுக் கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையாலோ மைக்ரோ கான்கிரீட்டாலோ நிரப்புவார்கள். மேலே நீர்த்தடுப்பும் சேர்ந்து நடக்க வேண்டும். உதிர்ந்த இடத்தில் சாதா சிமென்ட் பூசி பெயின்ட் அடிப்பது ரிப்பேர் ஆகாது. துரு உள்ளேயே வளரும்.

பல அறைகளில் கம்பி தேய்ந்து, கான்கிரீட்டில் உப்பு ஏறி, தொய்வும் தெரிந்தால், புதுத் தளம்தான் வழி. சுவர்களே பாரம் தாங்கும் பழைய வீடுகளில், சுவரும் அஸ்திவாரமும் நல்ல நிலையில் இருந்தால், முழு வீட்டையும் இடிக்காமல் கூரைத் தளத்தை மட்டும் மாற்ற முடியும். "எல்லாத்தையும் இடிச்சிடுங்க" என்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பில்லரும் பீமும் கொண்ட வீட்டில் ஸ்லாப்பும் பீமும் சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். அங்கே வேலை இன்னும் சிக்கலானது.

பால்கனிக்கு மட்டும் தனிக் கவனம்

சுவரிலிருந்து வெளியே நீளும் பால்கனியிலும் சன்ஷேடிலும் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். அறையின் ஸ்லாப்பில் கீழே துரு தெரிந்து எச்சரிக்கும். பால்கனியில் தண்ணீர் இறங்கும் இடத்துக்கு நேர் கீழேயே கம்பி இருப்பதால், அடியில் பார்க்க எல்லாம் சரியாக இருக்கும்போதே மேலே தேய்ந்துகொண்டிருக்கலாம். சுவரை ஒட்டி, தரையில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தால் பூந்தொட்டிகளை அகற்றுங்கள், யாரையும் நிற்க விடாதீர்கள், இன்ஜினீயரை அழையுங்கள்.

மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால்

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் உள்ள பழைய வீடுகளில் கான்கிரீட்டே இருக்காது. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்பில் பிடித்த கூரை அது. இங்கே தீர்ப்பைச் சொல்வது கட்டைகள். சுவருக்குள் நுழையும் முனைகளில்தான் ஈரமும் கரையானும் முதலில் வேலையைக் காட்டும். அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே எளிதாக இறங்கினால் கட்டை போய்விட்டது. தக்க முட்டுக் கொடுத்து, கெட்ட கட்டையை மட்டும் மாற்ற அனுபவமுள்ளவர்களால் முடியும். மேலே சிமென்ட் போடுவதைத் தவிர்ப்பது நல்லது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவைக்கும்.

பணமும் நேரமும்

கொட்டேஷன்களை மொத்தத் தொகையாக ஒப்பிடாதீர்கள். எத்தனை வருடம் தாங்கும் என்பதால் வகுத்துப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை கோட்டிங் அடிப்பது, ஒரே தடவை முறையாகச் செய்வதைவிட அதிகமாகிவிடலாம். 'பத்து வருட வாரன்டி' என்றால், அது பொருளுக்கு மட்டுமா, வேலைக்கும் சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள். ஸ்லாப் ரிப்பேர் செலவு, புதிதாகப் போடும் செலவில் பாதியைத் தாண்டினால் புதிதே மேல் என்பது பலரும் வைத்திருக்கும் கைக்கணக்கு.

வேலை முடிந்ததும் மாடியில் தண்ணீர் கட்டி 24 முதல் 48 மணி நேரம் பார்ப்பது வழக்கம். ஒரு இன்ச் தண்ணீரே சதுர மீட்டருக்கு 25 கிலோ. எனவே பலவீனமான ஸ்லாப்பில் இன்ஜினீயர் ஒப்புதல் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

அபார்ட்மென்ட் என்றால் மொட்டை மாடி பொதுவில் எல்லாருக்கும் சொந்தம். செலவும் எல்லாருடையது, "டாப் ஃப்ளோர்காரங்க பார்த்துக்கட்டும்" என்பது செல்லாது. முழுக் கட்டிடத்தையும் இடித்துக் கட்ட, தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-ன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும்.

மேல் வேலைக்குச் சரியான காலம் மாசி முதல் வைகாசி வரை. தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மழை கொட்டும்போது மேஸ்திரியைத் தேடுவதைவிட, இப்போதே சீலிங்கின் ஒவ்வொரு விரிசலின் முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்று சொல்லும் அப்பாவிடம் காட்ட அது ஒன்று போதும்.