சோர்விலிருந்து மீளுதலும் அதன் சிறு அடையாளங்களும்

பல ஆண்டுகள் பிறருக்காக உழைத்த ஊழியர் ஒருவர், இனித் தம்மால் இயலாது என்ற நிலையை ஒரு நாள் அடைகிறார். மருத்துவரும் நண்பரும் வற்புறுத்தவே விடுப்பு எடுக்கிறார். ஒரு மாதம் கழிகிறது. இரண்டு மாதங்கள் கழிகின்றன. யார் கேட்டாலும், "நான் இன்னும் அப்படியேதான் இருக்கிறேன்" என்கிறார். இக்கூற்றை நம்பி, ஓய்வினால் பயனில்லை எனக் கருதி, நலம் பெறுமுன்னரே பணிக்குத் திரும்புவோர் உண்டு. பணியையே துறந்துவிடுவோரும் உண்டு. இவ்விரு முடிவுகளுக்கும் அடிப்படையான அக்கூற்று உண்மைதானா என்பதை நாம் ஆராய வேண்டியுள்ளது.

1. பணிச்சோர்வின் தன்மை

நியூயார்க் நகரின் இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டாற்றியோரிடம் தாம் கண்ட நிலையை, ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியலர் 1974ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். எரிந்து தீர்தல் என்னும் பொருள்பட அவர் அதற்குப் பெயரிட்டார். பகலில் தம் தொழிலையும், அது முடிந்தபின் தொண்டையும் மேற்கொண்டிருந்த அவரும் அந்நிலைக்கு ஆளானவரே. ஈடுபாடு குறைந்தவர்களைவிட, ஈடுபாடு மிகுந்தவர்களையே இச்சோர்வு எளிதில் பற்றுகிறது என்பது அவரது கருத்து.

கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகிய இருவரும் 1981இல் இதனை அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். அவர்கள் மூன்று கூறுகளைப் பிரித்துக் காட்டினர்: உள்ளம் வற்றிப்போதல், பிறரிடம் பரிவற்றுப்போதல், தம் பணியால் பயன் விளையவில்லை என்று உணர்தல். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலிலும் ஏறத்தாழ இம்மூன்றுமே இடம்பெற்றுள்ளன. எனினும் அந்நிறுவனம் பணிச்சோர்வை ஒரு நோயாகக் கொள்ளாமல், பணியிடத்து நெருக்கடி நெடுநாள் தீர்க்கப்படாமையால் விளையும் நிலையாகவே கொள்கிறது.

இம்மூன்றும் ஒருங்கே நீங்குவதில்லை என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். உறக்கமும் உணவும் முறைப்பட்டால் உடல் ஓரளவு தேறத் தொடங்கும். ஆனால் தம் பணி பயனுடையது என்ற உணர்வோ, பணி செய்வதனாலேயே வளர்வது. ஓய்விலிருப்பவரிடம் அது விரைவில் திரும்புவதற்கு வழியில்லை. ஆகவே, "ஒன்றும் மாறவில்லை" என்று அவர் கூறும்போது, இறுதியாகக் குணமடைய வேண்டிய பகுதியே அவருக்குள்ளிருந்து பேசுகிறது எனலாம்.

2. எலியாவின் பயணம்

முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரம் இதற்குத் தக்க விளக்கமாக அமைகிறது. யேசபேலுக்கு அஞ்சி ஓடிய எலியா, பெயெர்செபாவில் தம் வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் அமர்ந்து சாவை வேண்டுகிறார். அவருக்கு அறிவுரையோ கண்டனமோ அங்கே கிடைக்கவில்லை. உறங்குகிறார், உண்கிறார், மீண்டும் உறங்குகிறார், மீண்டும் உண்கிறார். அதன் பின்னரே நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைகிறார்.

அங்கே அவர் கேட்கப்பட்ட கேள்விக்குத் தம் மனக்குறையைக் கூறுகிறார். பெருங்காற்று, நிலநடுக்கம், நெருப்பு, அமைதியான குரல் ஆகிய யாவும் வந்து சென்றபின் அதே கேள்வி மீண்டும் எழுகிறது. எலியாவின் மறுமொழியோ மாறவேயில்லை; முன்பு சொன்னதையே திரும்பச் சொல்கிறார். அவர் சொற்களை மட்டும் கேட்பவர், சிறிதும் முன்னேற்றமில்லை என்றே முடிவுசெய்வர். ஆனால் செடியின் கீழ்ச் சாகக் கிடந்தவர், இப்பொழுது நெடும்பயணம் செய்து வந்து கெபியின் வாசலில் நிற்கிறார். சொல் மாறுமுன்னரே நிலை மாறிவிட்டது. பின்னர் அவருக்கு மூன்று பொறுப்புகள் தரப்பட்டன. அவற்றுள் எலிசாவை அழைத்ததையே அவர் நேரே செய்ததாகக் காண்கிறோம். ஆசகேல், யெகூ ஆகியோரைப் பற்றியவை எலிசாவின் காலத்தில் நிறைவேறின. தனியே சுமந்த பணி பகிர்ந்துகொள்ளப்பட்டது.

3. நோக்க வேண்டிய அடையாளங்கள்

ஆகவே, "எப்படி உணர்கிறீர்கள்?" என்பதைவிட, "எதைச் செய்ய முடிகிறது?" என்று கேட்பது நலம். விடியற்காலையில் அச்சமின்றி விழிக்க முடிகிறதா? ஒரு பக்கத்தை மறுபடி மறுபடி பார்க்காமல் படிக்க முடிகிறதா? கடிகாரத்தை நோக்காமல் ஒருவருடைய துயரைக் கேட்க முடிகிறதா? முன்பு நாள் முழுதும் நீடித்த எரிச்சல் ஒரு மணி நேரத்தில் தணிகிறதா? ஏற்க இயலாத அழைப்பைக் குற்றவுணர்வின்றி மறுக்க முடிகிறதா? இவை அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் மீட்சி இத்தகைய வடிவில்தான் வருகிறது.

இவற்றை வாரம் ஒரு முறை இரண்டு மூன்று வரிகளில் குறித்து வைத்தல் நன்று. இன்றைய நாளை நேற்றைய நாளோடு ஒப்பிடுதல் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். இம்மாதத்தைச் சென்ற மாதத்தோடு ஒப்பிட வேண்டும். உடன் வாழ்வோரின் சாட்சியும் பயன் தரும். சாப்பாட்டு வேளையில் கணவர் மீண்டும் பேசத் தொடங்கியதை அவருக்கு முன்னரே மனைவி அறிவார்.

4. பின்னடைவும் பொறுப்பும்

நலமடைந்து வருபவர் ஒரு வாரம் மீண்டும் தளர்வதும் இயல்பே. அப்போது தொடக்க நிலைக்கே வந்துவிட்டோம் என அஞ்ச வேண்டியதில்லை. எத்தனை நாளில் எழுந்தோம் என்பதே கேள்வி. முன்பு மூன்று வாரம் பிடித்தது இப்பொழுது நான்கு நாளில் தீருமாயின், அத்தளர்ச்சியே முன்னேற்றத்திற்குச் சான்றாகிறது. ஆனால் சாக வேண்டும் என்ற எண்ணம் எழுமாயின், அல்லது எதிலும் மகிழ்ச்சியற்ற நிலை நீடிக்குமாயின், அது மருத்துவர் உடனே கவனிக்க வேண்டியது. இதில் தாமதம் கூடாது.

இறுதியாக, மீட்சி தனிமனிதரின் கடமை மட்டுமன்று. ஒரே சேகரத்தில் பல ஊர்ச் சபைகளின் ஆராதனை, திருமணம், அடக்கம், குழுக்கூட்டம் ஆகிய யாவற்றையும் ஒருவர் தோளிலேயே முன்போல வைப்போமாயின், அவர் பெற்ற நலம் நிலைக்காது. திரும்பி வருபவரிடம் முழுப் பணியையும் முதல் நாளிலேயே ஒப்படைக்காமல், சிறிதளவே கொடுத்து, அதில் அவர் நிலைபெறுவதைக் கண்டபின் கூட்டுவோமாக. அவரால் இன்னும் காண இயலாத சிறு வளர்ச்சியை அவருக்கு எடுத்துரைப்பதும் உடன் ஊழியரான நம் கடமையே.