ரத்தம் கம்மினா இரும்பு மாத்திரை போதுமா? சிடெரோபிளாஸ்டிக் சோகை பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டில் யாருக்காவது முகம் வெளுத்துப்போய், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கினால் பெரியவர்கள் உடனே சொல்வது இதுதான்: "ரத்தம் கம்மியா இருக்கு, இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடு."

பல நேரங்களில் இந்தக் கணிப்பு சரிதான். தெமியாங் வட்டாரம் உட்பட நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டி வாழ்ந்த காலத்தில் அதற்குக் காரணமும் இருந்தது. வெறுங்காலோடு மண்ணில் நடந்தவர்களின் உடலுக்குள் கொக்கிப்புழு புகுந்து, குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சியது. ரத்தத்தோடு இரும்பும் போனது. அதனால் புழு மருந்தும் இரும்புச் சத்தும் வேலை செய்தன.

ஆனால், உடலில் இரும்பு தேவைக்கு மேல் இருந்தும் சோகை வருவதுண்டு. அதுதான் சிடெரோபிளாஸ்டிக் அனீமியா. இது அரிதான நோய். ஆனாலும் தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால், இந்த நோயாளிக்கு இரும்பு மாத்திரை உதவாது, கெடுதலே செய்யும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

எளிமையாகச் சொன்னால், வீட்டில் மூட்டை மூட்டையாக அரிசி இருக்கிறது, ஆனால் அடுப்பு எரியவில்லை. பசி தீராது, மூட்டைகள் மட்டும் குவியும்.

எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் உருவாகும்போது, இரும்பைச் சேர்த்து 'ஹீம்' என்ற பொருள் தயாராகிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு இதுதான் அடிப்படை. இந்தத் தயாரிப்பின் முதல் படியும் கடைசிப் படியும் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடக்கின்றன. அந்த வேலை தடைபட்டால், வந்த இரும்பு பயன்படாமல் அங்கேயே தேங்கிவிடும். மைட்டோகாண்ட்ரியாக்கள் செல்லின் உட்கருவைச் சுற்றி இருப்பதால், தேங்கிய இரும்பு மைக்ரோஸ்கோப்பில் மோதிரம் போலத் தெரியும். இப்படிப்பட்ட செல்லுக்கு 'வளைய சிடெரோபிளாஸ்ட்' என்று பெயர்.

எதனால் வருகிறது?

*பிறவிக் கோளாறு:* இதில் அதிகம் காணப்படுவது ஏஎல்ஏஎஸ்2 என்ற மரபணுவில் வரும் மாற்றம். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களையே அதிகம் பாதிக்கிறது. தாமஸ் கூலி என்ற அமெரிக்க மருத்துவர் 1945-இல் ஒரு குடும்பத்தில் இப்படிப்பட்ட சோகையைப் பதிவு செய்தார். அதே குடும்பத்தின் மரபணு மாற்றம் 1994-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

*மதுப்பழக்கம்:* சரிசெய்யக்கூடிய காரணங்களில் இது முக்கியமானது. கள்ளுக்கடையும் சம்சுவும் தோட்டத்துக் குடும்பங்களை எப்படிச் சீரழித்தன என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அளவுக்கு மீறிய குடி கல்லீரலை மட்டும் கெடுப்பதில்லை, மஜ்ஜையையும் தாக்கும். குடியை நிறுத்தினால் சில நாட்களிலோ சில வாரங்களிலோ அந்த வளையங்கள் மறையத் தொடங்கும்.

*மருந்துகள்:* காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட், உடலில் வைட்டமின் பி6-ஐக் குறைக்கிறது. ஹீம் தயாரிப்பின் முதல் படிக்கு பி6 கட்டாயம் தேவை. காசநோய் மருந்தோடு பி6 மாத்திரையும் கொடுத்தால் அதை ஒதுக்கி வைக்காதீர்கள். அதேபோல், சோகை வந்துவிட்டதே என்று காசநோய் மருந்தை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் சொல்லுங்கள்.

*செம்புக் குறைபாடு, ஈயம்:* துத்தநாக மாத்திரையை நீண்ட காலம் அளவுக்கு மேல் சாப்பிட்டால் உடலில் செம்பு குறைந்து இந்தச் சோகை வரலாம். ஈயம் உடலில் சேர்ந்தாலும் ஹீம் தயாரிப்பு தடைபடும்.

*வயதானவர்களுக்கு:* மஜ்ஜையே பழுதாகும் எம்டிஎஸ் என்ற நோயின் ஒரு வகையாக இது வரலாம். இவர்களில் பலரிடம் எஸ்எஃப்3பி1 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் படி, அரசாங்க கிளினிக்கிலேயே எடுக்கக்கூடிய முழு ரத்தப் பரிசோதனை. பிறவி வகையில் சிவப்பணுக்கள் பெரும்பாலும் சிறியதாக இருக்கும். எம்டிஎஸ், மது போன்ற காரணங்களால் வந்தால் பெரும்பாலும் இயல்பாகவோ பெரியதாகவோ இருக்கும்.

அடுத்தது ஃபெரிட்டின் அளவு. இரும்புக் குறைபாடு என்றால் ஃபெரிட்டின் குறையும். சிடெரோபிளாஸ்டிக் சோகையில் பெரும்பாலும் கூடியிருக்கும். ஆனால் உடலில் அழற்சி இருந்தாலும் ஃபெரிட்டின் கூடும். அதனால் டாக்டர் மற்ற இரும்புப் பரிசோதனைகளையும் சேர்த்தே பார்ப்பார்.

நோயை உறுதிசெய்வது மஜ்ஜைப் பரிசோதனைதான். இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் மஜ்ஜை எடுத்து, பிரஷ்யன் நீலச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். இரும்பு இருக்கும் இடம் நீலமாகத் தெரியும். எம்டிஎஸ் என்று சந்தேகித்தால், சிவப்பணுவாக வளரும் செல்களில் 15% அல்லது அதற்கு மேல் வளைய சிடெரோபிளாஸ்டுகள் இருக்கின்றனவா என்று எண்ணுவார்கள். எஸ்எஃப்3பி1 மாற்றம் இருந்தால் 5% போதும்.

தெமியாங்வாசிகள் அருகிலுள்ள கிளினிக்கில் தொடங்கலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ரத்த நோய்களுக்கான தேசிய அளவிலான சிறப்பு மையம் அம்பாங் மருத்துவமனையில் இருக்கிறது.

தலசீமியா இல்லைன்னு சொல்லிட்டாங்களே?

2016 முதல் படிவம் 4 மாணவர்களுக்குப் பள்ளிகளில் தலசீமியா பரிசோதனை நடக்கிறது. தலசீமியாவிலும் சிவப்பணுக்கள் சிறியதாக இருக்கும் என்பதால் குழப்பம் வரலாம். தலசீமியாவும் இல்லை, இரும்புக் குறைபாடும் இல்லை, ஆனாலும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். "வேற என்ன காரணமா இருக்கும் டாக்டர்?" என்று கேளுங்கள்.

சிகிச்சை உண்டா?

காரணத்தைப் பொறுத்தது. ஏஎல்ஏஎஸ்2 வகையில் பலருக்கு வைட்டமின் பி6 பலன் தரும். மது, மருந்து, ஈயம் என்றால் அந்தக் காரணத்தை விலக்க வேண்டும். எம்டிஎஸ் வகைக்கு லஸ்பாட்டர்செப்ட் என்ற ஊசி மருந்தை அமெரிக்கா 2020-இல் அனுமதித்தது. சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரும். உடலில் இரும்பு மிஞ்சினால் கல்லீரலும் இதயமும் பாதிக்கப்படும் என்பதால், அதை வெளியேற்றவும் மருந்து தருவார்கள்.

முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதற்கு முன்னால், ஃபெரிட்டின் அளவு என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டும் பலன் இல்லையென்றால் அளவைக் கூட்டாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.