உங்களுக்குத் தெரியுமா? டிவியின் சிவப்பும் பேராக்கின் கழிவும்

பழைய வண்ணத் தொலைக்காட்சித் திரையில் பளிச்சென்ற சிவப்பைத் தரும் பூச்சுக்கு இட்ரியம் என்ற தனிமம் தேவைப்பட்டது. அதைப் பிரித்தெடுக்க மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு அருகில், புக்கிட் மேராவில், ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி அதில் பங்குதாரர்.

மூலப்பொருள் வெளியூர்ச் சரக்கு அல்ல. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா, ஈயம் தோண்டி வளர்ந்த பகுதி. ஈயத்தை அலசி எடுத்தபின் தங்கும் கனமான மணலுக்கு அமாங் என்று பெயர். அதிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் இட்ரியத்தோடு தோரியம் என்ற கதிரியக்கத் தனிமமும் கலந்திருக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டால் மிச்சமாகும் கழிவில் தோரியம் நிற்கும். அது பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். இந்தக் கழிவை எங்கே வைப்பது என்பது ஆலையைத் திட்டமிட்டபோதே விடை கண்டிருக்க வேண்டிய கேள்வி.

ஊர்மக்கள் 1985இல் ஆலைக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் மீனாட்சி ராமன், 1987 அக்டோபரில் ‘லாலாங்’ என்ற அரசின் பெருங்கைது நடவடிக்கையில் கைதானார். அந்த நடவடிக்கையில் பிடிபட்ட நூற்றுக்கும் மேற்பட்டோரில் சுமார் நாற்பது பேருக்கு ஈராண்டுத் தடுப்புக்காவல். அவர்கள் கமுந்திங் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார்கள்.

1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. சுத்திகரிப்புக்கு மதிப்பிட்ட செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர். கழிவு இன்று பாப்பான் அருகே கிளேடாங் மலைப்பகுதியில் புதைக்கப்பட்டிருக்கிறது.